பரணில் கிடந்த ஹார்னெட்

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஹார்னெட், ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் பந்தயப் பொம்மைக் கார், ‘பக்கி’ வகை. பல ஆண்டுகள் பரணில் கிடந்ததைச் சீராக்க முதலில் வேண்டியது சரியான ஸ்க்ரூடிரைவர். திருகுகள் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரண ஃபிலிப்ஸ் முனை முழுதாக உட்காராமல் தலையை மழுக்கிவிடும்.

கியர்பெட்டியில் இறுகிப்போன கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவுவது எளிய வேலை. மெனக்கெட வேண்டியது மின்பகுதியில். அக்கால வேகக் கட்டுப்பாட்டில், சர்வோ என்னும் சிறு மோட்டார் ஒரு தொடுகையை உலோகத் தகடுகள்மேல் நகர்த்தும்; மெதுவாக ஓடும்போது மின்சாரத்தில் ஒரு பங்கு மின்தடையில் வெறும் சூடாகிப் போகும். கருத்த தகடுகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தாலே வண்டி பெரும்பாலும் அசையும். ரிமோட்டில் அல்கலைன் பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தால், சில சொட்டு வினிகர் அதைக் கரைத்துவிடும். லித்தியம் பேட்டரி மாட்டும் ஆசை மட்டும் ஆகாது: மின்னழுத்தம் இறங்கியதும் நிறுத்தும் வசதி பழைய கட்டுப்பாட்டில் கிடையாது, பேட்டரி கெட்டுவிடும். நிக்கல் பேட்டரியே பொருத்தம்.

மேல்கூடு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட். வண்ணம் உட்புறம் பூசப்பட்டது. தின்னர் பட்டால் கூடே வெடிக்கும். விரிசலுக்கு உள்ளிருந்து வலைத்துணி வைத்து, வளையும் பசையால் ஒட்டுவது வழக்கம். 2004-இல் மறுவெளியீடு வந்ததால் டயர், கூடு போன்றவை புதிதாகவே கிடைக்கின்றன. ஆனாலும் சேகரிப்பாளர்கள் கீறல் விழுந்த பழைய கூட்டையே விரும்புகிறார்கள். அதில் நியாயமும் உண்டு.