பேசா உயிரும் அறியும் கடனும்

ஓர் உயிரின்பால் மனிதனுக்குள்ள கடமை, அவ்வுயிர் அவன்மீது காட்டும் அன்பினால் எழுவதா, அன்றி அதன் நிலையினால் எழுவதா? ஒழுக்கவியலின் இவ்வினாவை நாயையோ பசுவையோ முன்னிறுத்தி ஆராய்வது எளிது. அவை குரல் கொடுக்கும், நோவுற்றால் முனகும். வினாவின் கடுமையை உணர்வதற்கு, அன்பையும் நோவையும் வெளிக்காட்டாத ஓர் உயிரையே முன்னிறுத்தல் வேண்டும். பாம்பு அத்தகையது.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய நஞ்சற்ற சோளப்பாம்பு, இங்கிலாந்திலே பல இல்லங்களில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கப்படுகின்றது. அத்தகைய பாம்பொன்றின் நடுவுடலில் காரணந் தெரியாத புடைப்பொன்று தோன்றியதெனக் கொள்க. விழுங்கிய இரை சில நாளிற் செரித்துவிடும். இப்புடைப்போ வாரங்கள் கழிந்தும் மறையவில்லை. அது சீழ்க்கட்டியாகலாம். ஊர்வனவற்றின் சீழ் பெரும்பாலும் நீராக ஓடாது பாற்கட்டிபோல் இறுகுவதால், கீறினால் வடிந்துவிடும் என்ற எண்ணம் ஈண்டுப் பொருந்தாது. பெண் பாம்பாயின், வெளிவராது தங்கிய முட்டையாகலாம். குடலில் இறுகிய மலமாகலாம், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியால் இரைப்பைச் சுவர் தடித்ததாகலாம், புற்றுநோயுமாகலாம். புறத்தே தோற்றம் ஒன்று. அகத்தே காரணம் பல. ஒன்றிற்குரிய பரிகாரம் மற்றொன்றிற்குப் பயன்படாது. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டுமென வள்ளுவர் வகுத்த ஒழுங்கு மனித உடலுக்கு மட்டும் உரியதன்று.

மிருக வைத்தியர் தடவிப் பார்த்தல், எக்ஸ்-கதிர்ப் படமெடுத்தல், ஊசியாற் கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கல் என்பனவே அறியும் வழிகள். இவற்றுக்காகும் செலவு பாம்பின் விலையை எளிதில் விஞ்சிவிடும். ‘வேறொன்று வாங்கினால் என்ன?’ என்னும் எண்ணம் எழுவது இவ்விடத்திலேயாம்.

விலங்குகளை இயந்திரங்களாகக் கண்ட டேக்காட்டின் நோக்கில் இக்கணக்குப் பிழையன்று. ஆயின், 1789இல் வெளிவந்த நூலில் ஜெரமி பெந்தம், விலங்கு சிந்திக்குமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா எனக் காட்டினார். துன்பத்தை எவ்வாறு அறிவது? வௌவாலாயிருத்தல் எத்தகையது என 1974இல் வினவிய தோமஸ் நேகல், பிறிதோர் உயிரின் அகவனுபவம் புறத்தே நின்று நோக்குவோர்க்கு முற்றாக எட்டாதென்றார். இமையற்ற பாம்பின் முகத்தில் நோவை வாசிக்க இயலாது. ஊர்வன பல நோய் முற்றும்வரை அதனை வெளிக்காட்டுவதில்லை. எனவே மௌனம் நலத்துக்குச் சான்றாகாது. முகம் உணர்த்தாததை ஆய்வினால் அறிதலே இங்கு இரக்கம் கொள்ளும் வடிவமாகும்.

இக்கடமையின் வேர் அன்பிலன்று, சிறைப்படுத்தலிலேயே உள்ளது. காட்டுப் பாம்பு வெயிலையும் நிழலையும் தானே தெரிந்துகொள்ளும். பெட்டிப் பாம்புக்கு வெப்பமும் இரையும் நீரும் பிறன் தெரிவு. தெரிவைப் பறித்தவன் பொறுப்பையும் ஏற்றவனாகின்றான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கப்படும் முள்ளந்தண்டு விலங்குகளை நோவினின்றும் நோயினின்றும் காக்கும் பொறுப்பை வளர்ப்போன்மீது சுமத்துவதும் இதனாலேயாம்.

மருந்தின்றி மனிதர் வாடும் உலகில் பாம்புக்குச் செலவிடுதல் தகுமோ என்பது வலிய தடையே. ஆயின், அத்தடை பாம்பை வாங்குமுன் எழவேண்டியது. வாங்கிய பின் அதனை வாடவிடுதற்கு நியாயமாகாது. செலவைத் தாங்கவியலாதவன், தாங்கவல்ல ஒருவரிடம் அதனை ஒப்படைத்தலும் கடமையின்பாற்பட்டதே. தீராத நோயென அறியின் பயன் யாதெனலாம். அப்பொழுதும், நெடிது நலிந்து சாதலினின்றும் அவ்வுயிரை வைத்தியர் கையால் நோவின்றி விடுவிக்கலாம். பரிகாரத்துக்கு உதவாது, அறியும் ஆவலை மட்டும் தணித்து உயிரை வருத்தும் சோதனை கடமையன்று; அதுவே இக்கடனின் எல்லை.

பாம்பு நன்றி கூறாது. தன்னைக் காத்தவனைப் பிரித்தறியவும் மாட்டாதிருக்கலாம். கைம்மாறு கிடையாதென்று தெரிந்தும் ஆற்றப்படுவதனாலேயே அச்செயல், விருப்பத்தின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வருகின்றது.