மரத்தின் அழகும் மனிதனின் அறமும்

கலைக்கும் அறத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி நம்மிடையே நெடுநாளாக விவாதம் நடைபெற்று வருகின்றது. ஆயின், அவ்விவாதம் பெரும்பாலும் கலையின் உள்ளடக்கத்தைப் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. ஒரு கவிதை எவருடைய குரலாக ஒலிக்கின்றது, ஒரு நாவல் எந்த வர்க்கத்தின் வாழ்வைச் சித்திரிக்கின்றது என்றெல்லாம் வினவும் நாம், கலைக்கு வேண்டிய பொருள் எந்த மண்ணிலிருந்து, எவருடைய உழைப்பினால் வந்தது என வினவுவது அரிது. இசைத்துறையில் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. இசைக்குக் கருவி வேண்டும். கருவிக்கு மரம் வேண்டும். மரத்துக்குக் காடு வேண்டும். அழகு தான் பிறந்த வழிக்குப் பொறுப்புடையதா என்னும் கேள்வி இங்கே கண்முன் நிற்கின்றது.

இதனை ஆராய்வதற்கு மின்கிற்றாரை எடுத்துக்கொள்வோம். எமது நகரங்களிலும் மாணவர் பலர் இன்று விரும்பிப் பயிலும் கருவி அது. தொழிற்சாலையிற் செய்து விற்கப்படுவன ஒருபுறமிருக்க, தமக்கென ஒன்றைத் திட்டமிட்டுக் கைவினைஞரிடம் செய்விக்கும் வழக்கம் மேலைநாடுகளில் வசதியுடையோரிடையே உண்டு. அவ்வாறு திட்டமிடுபவர் முன்னால் ஒரு பட்டியல் வைக்கப்படுகின்றது. மேற்பலகைக்கு ஹவாய்த் தீவின் கோவா மரமா, மெக்சிக்கோவின் சிரிக்கோத்தேயா? கழுத்துக்குக் கொங்கோப் படுகையின் வெங்கேயா? விரற்பலகைக்கு மடகஸ்காரின் றோஸ்வூட்டா, கமரூனின் கருங்காலியா? கூர்ந்து நோக்கின் இப்பட்டியல் ஓர் உலகப்படமாகவே தோன்றும். தெரிவுசெய்பவர் வாழும் நாடுகள் ஒருபுறம். மரம் நிற்கும் நாடுகள் மறுபுறம். பின்னவற்றுட் பல, நேற்றுவரை பிறர் ஆட்சியின் கீழிருந்த குடியேற்ற நாடுகள். ‘தூரதேசத்து விந்தை மரம்’ என்று வணிகர் போற்றுவது, அக்காட்டோரத்தில் வாழும் மனிதனுக்கு விந்தையும் அன்று, தூரமும் அன்று. அது அவன் வீட்டு வாசலில் நிற்பது.

முதலில், இம்மரங்களை இசைதான் வேண்டுகின்றதா என்று பார்ப்போம். மின்கிற்றார் ஒலிக்கும் முறை எளியது. உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தத்தின் புலம் அசைவுறுகின்றது. காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கித் தருகின்றது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் றிக்கன்பக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் மின்கிற்றாரின் உடல் வார்ப்பு அலுமினியத்தாலானது, மரமே அன்று. அதன்பின், 1940ஆம் ஆண்டளவில், லெஸ் போல் என்னும் வாத்தியக்காரர் நான்கங்குலச் சதுரமான பைன் மரக்கட்டையொன்றிலே தந்திகளைப் பூட்டி வாசித்தார். கிற்றார் போன்று தோன்றுவதற்காக, வேறொரு கிற்றாரை இரண்டாகப் பிளந்து அக்கட்டையின் இருமருங்கிலும் ஒட்டவைத்தார். ஒலி கட்டையிலிருந்து பிறந்தது. ஒட்டவைத்த பகுதிகள் பார்ப்போர் கண்ணுக்காக இருந்தன. மின்கிற்றாரில் மரத்தின் நிலை பற்றி இந்நிகழ்ச்சி பல நூல்களுக்குச் சமமான உண்மையைக் கூறுகின்றது.

மரத்துக்கு ஒலியில் எவ்விதப் பங்குமில்லை என்று அடித்துக் கூறுவதும் பொருந்தாது. அதுபற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. கழுத்துக்குத் தந்தியின் இழுவிசையைத் தாங்கும் உறுதி வேண்டும். விரற்பலகைக்கு விரலும் தந்தியும் தேய்த்தும் தேயாத வன்மை வேண்டும். கருங்காலி விரும்பப்படுவதற்கு இத்தகைய நியாயமும் உண்டு. ஆயினும், மரவுடலே அதிர்ந்து ஒலியெழுப்பும் சாதாரண கிற்றாரைப் பற்றி இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. பின்பலகையும் பக்கப்பலகைகளும் மட்டும் வெவ்வேறு மரத்தாலான, மற்றெல்லாவகையிலும் ஒத்த ஆறு கிற்றார்களை 52 வாத்தியக்காரர்களிடம் மரம் இன்னதென்று காணமுடியாதபடி கொடுத்து வாசிக்கச் செய்தனர். விலைமிக்க பிறேசில் றோஸ்வூட்டும் மலிவான மரங்களும் ஏறத்தாழ ஒரே மதிப்பையே பெற்றன. அங்கேயே நிலை இதுவாயின், தந்தியின் அதிர்வைக் காந்தம் வாங்கிக்கொள்ளும் மின்கிற்றாரில், செவியின் பெயராற் கேட்கப்படும் அரிய மரம் பெரும்பாலும் கண்ணுக்காகவே கேட்கப்படுகின்றது எனலாம்.

கண்ணுக்கு விருந்து வேண்டுவது குற்றமா? அன்று. அழகுணர்ச்சியை ஆடம்பரமென்று ஒதுக்கும் வரட்டுத் துறவறம் முற்போக்கு நோக்கின் பாற்பட்டதன்று. உழைக்கும் மனிதன் தன் ஏர்க்காலிலும் படகின் முகப்பிலும் கோலம் வரைந்திருக்கின்றான். தேவையைக் கடந்து அழகை நாடுவது மனித இயல்பின் மேன்மைகளுள் ஒன்று. எனவே, இங்கு எழும் வினா அழகு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எதனை அழகென்று கருதக் கற்றுக்கொண்டோம், யார் அதனை நமக்குக் கற்பித்தார் என்பதே.

கற்பிக்கப்பட்டவற்றுள் முதலாவது, அருமையே அழகு என்னும் எண்ணம். ஒரு மரம் அரியது என்று கூறும்போது, அருமை அம்மரத்தின் நாரிலும் நிறத்திலும் உறையும் இயற்கைப் பண்பு போலத் தோன்றுகின்றது. உண்மையில், அது மனிதர் அம்மரத்தை நடத்திய முறையின் வரலாறு. பிறேசில் றோஸ்வூட் ஒருகாலத்தில் அந்நாட்டின் அத்திலாந்திக் கரைக்காடுகளில் செழித்திருந்தது. வெட்டி வெட்டிக் குறைந்தபின், 1992ஆம் ஆண்டில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் அது சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டதும், எஞ்சிய பழைய பலகைகளின் மதிப்பு மேலும் உயர்ந்தது. அழிவே விலையாக மாறியது.

இக்கதை எமக்குப் புதிதன்று. இலங்கைக்கே உரியதான, சிங்களத்தில் கலுமெதிரிய எனவும் ஐரோப்பியரால் கலமாண்டர் எனவும் அழைக்கப்பட்ட மரம், கருமையும் கபிலமும் கலந்த தன் வரிகளின் பேரழகினாலேயே அழிவை எய்திற்று. அந்நிய ஆட்சியாளரின் மாளிகைகளுக்கு மேசைகளும் பேழைகளுமாகச் சென்ற அம்மரம், எமேர்சன் ரெனென்ற் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்ட 1859ஆம் ஆண்டளவிலேயே காண்பதற்கு அரியதாகிவிட்டது. அதன் அழகை நன்கு அறிந்தவர்களே அதனை இல்லாமற் செய்தனர். அழகை உணர்தல் ஒன்றே அதனைப் பேணப் போதுமானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அண்மைக்கால மடகஸ்காரை நோக்குவோம். அத்தீவின் வடகிழக்கிலுள்ள மசோவாலா, மரோஜெஜி தேசியப் பூங்காக்கள் 2007ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்ட மழைக்காடுகளைச் சேர்ந்தவை. 2009ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பை அடுத்து வந்த குழப்பத்தில், றோஸ்வூட்டும் கருங்காலியும் அக்காடுகளுட் புகுந்து வெட்டப்பட்டன. கனத்தால் நீரில் மிதவாத றோஸ்வூட்டைப் பாரமற்ற வேறு மரங்களோடு பிணைத்து ஆற்றில் மிதக்கவிட்டனர். ஒன்றைக் கடத்துவதற்காக வேறு பல மரங்களும் மடிந்தன. 2010ஆம் ஆண்டில் அக்காடுகள் ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலில் இடப்பட்டன. 2014ஆம் ஆண்டில் மடகஸ்கார் றோஸ்வூட் நிறைந்த கொள்கலன்கள் எமது கொழும்புத் துறைமுகத்திலும் சுங்கப் பகுதியினராற் கைப்பற்றப்பட்டன. இவ்வணிகத்தின் பாதை எம் வாசலையும் தொட்டே செல்கின்றது.

கிற்றார் உலகமும் இதிலிருந்து ஒதுங்கி நிற்கவில்லை. களவாக வெட்டிய தாவரப் பொருள்களையும் தடைசெய்யும்படி அமெரிக்காவின் லேசிச் சட்டம் 2008ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டபின், புகழ்பெற்ற கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் 2009இலும் 2011இலும் சோதனையிடப்பட்டன. மடகஸ்கார்க் கருங்காலி தொடர்பாக 2012ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அந்நிறுவனம் 300,000 டொலர் தண்டப்பணம் செலுத்தியது.

எனினும், காடு அழிவதற்குக் காரணம் காட்டுக்குள் நுழைந்து கோடரி வீசுபவனே என்று எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகின்றோம். 1842ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயதினரான கார்ல் மார்க்ஸ், காட்டில் விழுந்துகிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிய றைன்லாந்து ஏழைகளைத் திருடர் என்று தண்டிக்க முனைந்த சட்டத்தை எதிர்த்து எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளில் தாம் ஈடுபடுவதற்கு அவ்விவாதமும் ஒரு காரணமாயிற்று என்று 1859இல் அவரே குறிப்பிட்டார். காட்டில் யார் திருடன் என்னும் கேள்வி அன்றிருந்து இன்றுவரை விடைதேடி நிற்கின்றது. பெருமரத்தைத் தோளிற் சுமந்து ஆறுவரை இழுத்துவருபவன் பெறுவது சொற்பக்கூலி. அப்பலகையை மெருகேற்றி விற்பவன் பெறுவது அதனிலும் பன்மடங்கு. முன்னவனைச் சிறையிலிட்டுப் பின்னவனைக் கலைக்காதலன் எனப் போற்றுவது அறமாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். றோஸ்வூட்டின் பெரும்பகுதி சீனாவின் ஆடம்பரத் தளபாடங்களுக்கே செல்கின்றது. ஒரு கிற்றாருக்கு வேண்டியது சிறு பலகைத்துண்டு. அதைப்பற்றி இத்துணை ஆராய்ச்சி எதற்கு? கூற்று உண்மையே. 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் றோஸ்வூட் இனம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது இசைத்துறையினர் இதே நியாயத்தை எடுத்துரைத்தனர். பிறேசில் இனம் தவிர்ந்த ஏனையவற்றிற் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019ஆம் ஆண்டில் விலக்கும் கிடைத்தது. ஆயின், சட்டத்தின் கணக்கும் மனச்சான்றின் கணக்கும் ஒன்றல்ல. சட்டம் அளவை நோக்கும். எவ்வளவு மரம் எல்லை கடந்தது என்று கேட்கும். எந்த மரத்தை அழகென்று கொண்டாட வேண்டும் என்று சட்டம் கூறாது. அதனைக் கூறுவது சுவை. சுவையோ ஒரு சிறு பலகைத்துண்டினாலும் ஒரு காட்டையே ஆளக்கூடியது.

மிகைப்படக் கூறுவதாக எண்ணுவோர் கமரூனின் கருங்காலியைப் பற்றி அறிதல் வேண்டும். 2011ஆம் ஆண்டில் ரெயிலர் என்னும் அமெரிக்கக் கிற்றார் நிறுவனம், ஸ்பானிய நிறுவனமொன்றுடன் கூட்டுச்சேர்ந்து, அந்நாட்டின் தலைநகரான யவுண்டேயிற் கருங்காலி அறுக்கும் ஆலையொன்றை வாங்கியது. வாங்கியபின்னரே அதன் உரிமையாளர் பொப் ரெயிலர் ஓர் உண்மையை அறிந்தார். கருங்காலியின் உள்வயிரம் முழுக்கருமையா, கபில வரியோடியதா என்பது வெட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது. சந்தை கேட்டதோ முழுக்கருமையை மட்டுமே. ஆகவே, வெட்டிய பத்து மரங்களுள் ஏறத்தாழ ஒன்றே வெளியே கொண்டுவரப்பட்டது. ஏனைய ஒன்பதும் வீழ்ந்த இடத்திலேயே மட்கக் கிடந்தன. பல தசாப்தங்கள் வளர்ந்த மரம், வன்மையிலோ உழைப்பிலோ குறைவற்ற மரம், வரியோடியிருந்த ஒரே குற்றத்துக்காகக் கைவிடப்பட்டது.

அவ்வொன்பது மரங்களைக் கொன்றது எது? வறுமை மட்டுமன்று, பேராசை மட்டுமன்று. விரற்பலகை கரியதாகவே இருத்தல் வேண்டும் என்று, காட்டையே கண்டறியாத வாத்தியக்காரர் பல தலைமுறையாகக் கொண்டிருந்த ஓர் எண்ணம். அவ்வெண்ணத்தைக் கொண்டவர் எவரும் தீயவரல்லர். தம் தேர்வினால் ஒன்பது மரம் சாயுமென அவர் அறியார். அறியாதவாறு சந்தை அவர் கண்ணை மறைத்தது. பலகை அவர் கைக்கு வரும்போது அதில் வெட்டியவனின் வியர்வையும் இல்லை, விட்டுவந்த மரங்களின் சுவடும் இல்லை. கருமை மட்டுமே உண்டு. மனிதர்க்கிடையேயுள்ள உறவைப் பொருளின் பண்பாகக் காட்டுவதே பண்ட உலகின் மாயம் என்பதை இதனினும் தெளிவாகக் காண்பது அரிது.

தனிமனிதர் சிலர் தம் தெரிவை மாற்றினால் அமைப்பு மாறிவிடுமா என்று நம்மிற் சிலர் கேட்பர். மாறாது. கூலியும் நில உரிமையும் ஏற்றுமதியும் அரசியலாலேயே மாற்றப்படல் வேண்டும். ஆனால், சுவை தனிமனிதச் சொத்தன்று, அது சமூகத்தால் ஆக்கப்பட்டது, சமூகத்தால் மாற்றப்படக்கூடியது. ரெயிலர் நிறுவனம் வரியோடிய கருங்காலியையும் தன் கருவிகளில் ஏற்றது. வாத்தியக்காரரும் வாங்கி வாசித்தனர். பின்னர் கமரூனிற் கருங்காலி நாற்றுகள் நடும் பணிக்கும் அந்நிறுவனம் துணைநின்றது. இலாபத்துக்காக இயங்கும் ஒரு நிறுவனத்தை அறத்தின் காவலனாக நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும், நேற்றுக் குறையெனப்பட்டது இன்று அழகெனப்படலாம் என்பதை அது மெய்ப்பித்துவிட்டது. அம்மரத்தை முற்றாக விலக்குவதும் தீர்வன்று. விலக்கினால் வெட்டுபவன் கூலியிழப்பான், காடு வேறொரு பயிருக்கு இடங்கொடுக்கும். வீழ்த்திய மரம் எதையும் வீணாக்காது, வளரும் வேகத்துக்கு மேல் வெட்டாது, வெட்டுபவனுக்கு உரிய கூலி கொடுத்துப் பயன்கொள்வதே தக்கது.

தனக்கென ஒரு கருவியைத் திட்டமிடும் உரிமை இனிமையானது. அதனை இழக்கவேண்டியதில்லை. 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், கடைக்கிற்றார் வாங்க வசதியற்ற பிறயன் மே என்னும் பள்ளி மாணவன் தன் தந்தையுடன் சேர்ந்து ஒரு மின்கிற்றார் செய்யத் தொடங்கினான். கழுத்து, பழைய அடுப்பங்கரைச் சட்டத்தின் மகோகனி. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் ஒரு பகுதி, பழைய மேசையின் ஓக் மரம். மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்களும், தாயின் பின்னலூசியின் நுனியும் அதில் இடம்பெற்றன. பின்னாளிற் குவீன் இசைக்குழுவுடன் உலக அரங்குகளில் அவர் வாசித்தது அக்கருவியையே. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று செய்தவர் சொல்லத்தக்கதாய் இருந்தது. அதன் தனித்தன்மைக்கு எந்த நாட்டின் காடும் விலைகொடுக்கவில்லை.

இதனை அளவுகோலாகக் கொள்ளலாம். ஒரு பொருளின் கதையை முழுமையாகச் சொல்லக்கூடிய நிலையிற்றான் அதன் அழகை முழுமையாக நுகரும் உரிமை நமக்கு உண்டாகின்றது. மரம் எங்கே நின்றது, வெட்டியவன் என்ன பெற்றான், அதற்காக வேறெவை வீழ்த்தப்பட்டன என்ற மூன்று வினாக்களுக்கும் விடை சொல்ல விற்பவர் அஞ்சுவாராயின், அப்பலகை எத்துணை மின்னினும் அதில் ஏதோ மறைக்கப்பட்டிருக்கின்றது. எமது மாணவர் கிற்றாரைக் கையிலெடுக்கட்டும், நன்றாக வாசிக்கட்டும், அழகிய கருவியை ஆசைப்படவும் செய்யட்டும். வரியோடிய பலகையைக் குறையென்று தள்ளுமுன், அதனை அவ்வாறு காணப் பழக்கியவர் யாரென்றும் கேட்கட்டும். கேட்கப் பழகிய கண்ணுக்கு அவ்வரியே அழகாகத் தோன்றும்.