கவாத்து வெட்ட வேண்டிய பழக்கங்கள்



மார்கழி, தை மாதங்கள் வந்துவிட்டால் நீலகிரியின் புல்வெளிகளில் உறைபனி வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடக்கிறது. 7,000 அடிக்கு மேலுள்ள உதகையில் ஸுபுஹுக்குப் பாங்கு சொல்லும்போது கம்பளியை விலக்குவதே ஒரு போராட்டம். அந்த நேரத்தில் நஃப்ஸு ஒரு சாக்குச் சொல்கிறது: "நம் உடம்புவாகு அப்படி!" பீடி, சிகரெட்டை விட முடியாதவரும் இதையே சொல்கிறார். மனைவி மக்கள் மீது எரிந்து விழுபவரும், "என் சுபாவம் அப்படி" என்கிறார்.

இன்னொரு சாராரும் இருக்கின்றனர். மார்க்கம் கேட்காததையெல்லாம் தம் மீது சுமத்திக்கொள்கின்றனர். ரமளான் பிறந்ததும் பத்துப் பழக்கங்களை ஒரே நாளில் மாற்றப் புறப்படுகின்றனர். ஷவ்வால் பிறையோடு பத்தும் பழையபடி திரும்பிவிடுகின்றன. பிறகு, "நமக்கும் நன்மைக்கும் வெகுதூரம்" என்று மனம் உடைந்துவிடுகின்றனர். முந்தியவர் மாற வேண்டியதைச் சுபாவம் என்கிறார். பிந்தியவர் சுபாவத்தைப் பாவம் என்கிறார். ஷைத்தானுக்கு இருவருமே லாபம்தான்.

சுபாவம் மாறுமா?

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் இஹ்யா உலூமித்தீனில் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்கிறார்கள். குணம் மாறவே மாறாது என்றால் உபதேசத்துக்கும் கண்டிப்புக்கும் வேலையே இல்லை என்பது அவர்களின் வாதம். ஆயினும் பேரீச்சங்கொட்டையை உவமை காட்டி ஓர் எல்லையும் வகுக்கிறார்கள். அதைப் பேணி வளர்த்தால் பேரீச்ச மரமாகும். எவ்வளவு பேணினாலும் ஆப்பிள் மரமாகாது. கோபத்தை வேரோடு பிடுங்கும்படி நாம் ஏவப்படவில்லை. அதைக் கட்டுக்குள் வைக்கும்படியே ஏவப்பட்டுள்ளோம்.

அப்துல் கைஸ் கூட்டத்தாரின் தலைவர் மதீனா வந்தபோது, பொறுமை, நிதானம் என்னும் இரு குணங்களுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பாராட்டினார்கள். இவை தாமாகத் தேடிக்கொண்டவையா, படைப்பிலேயே அமைந்தவையா என்று அவர் கேட்டார். அல்லாஹ் படைப்பிலேயே அமைத்தவை என்று பதில் கிடைத்தது. பிறவிக் குணம் என்று ஒன்று உண்டு என்பதற்கு இது போதிய சான்று.

மூன்று கேள்விகள்

ஆகவே ஒவ்வொரு பழக்கத்தையும் மூன்று கேள்விகளால் சலித்துப் பார்ப்போம்.

முதலாவது: ஷரீஅத் இதைப் பற்றி என்ன சொல்கிறது? ஹராம் என்றால் ஆலோசனைக்கே இடமில்லை. மது படிப்படியாகத் தடுக்கப்பட்டது உண்மை. ஆனால் இறுதித் தடை இறங்கியதும் ஸஹாபாக்கள் மதீனாவின் தெருக்களில் மதுவைக் கொட்டிவிட்டார்கள். சட்டம் முழுமையான பிறகு ஹராமுக்குத் தவணை கேட்பது நமக்குத் தகாது. கால் இடறினால் மீண்டும் தவ்பா செய்து எழுவதே வழி.

இரண்டாவது: இதனால் யாருடைய ஹக்கு கெடுகிறது? அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். உடலுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அதையே சரிகண்டார்கள். நஃபிலான வணக்கத்துக்கே இந்த எல்லை என்றால், குழந்தைகளின் பால் காசு புகையாகப் போவதை என்னென்பது?

மூன்றாவது: இது வெறும் ருசியா, இயல்பா? உடும்பு போன்ற ஒரு பிராணியின் இறைச்சி விரிப்பில் வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை. தம் ஊரில் வழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். அதே விரிப்பில் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் உண்டார்கள், தடுக்கவில்லை. அதிகம் பேசாத மருமகளையும், மெதுவாகப் படிக்கும் மகனையும், "அவரைப் பார், இவரைப் பார்" என்று வாட்டுகிறோமே, அவர்கள் செய்த குற்றம்தான் என்ன?

தோட்டம் தரும் பாடம்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இது எளிதில் விளங்கும். தேயிலையை அப்படியே விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். கொழுந்துக்குக் கை எட்டாது. அதனால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறார்கள். வேரைத் தோண்டுவதில்லை. செடி மூச்சுவிட ஓரிரு கிளைகளை விட்டுவைத்து, புதுத் தளிர் வந்தபின் அவற்றை வெட்டுவதும் உண்டு. ஒருமுறை வெட்டியதோடு வேலை முடிவதுமில்லை. சில ஆண்டுகளில் மறுபடி கத்தி எடுக்க வேண்டும். நஃப்ஸின் விஷயமும் இதுவே. நல்ல பழக்கங்களை ஒவ்வொன்றாகவே ஊன்ற வேண்டும். கொஞ்சமானாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்பது ஹதீஸின் கருத்தல்லவா?

வீட்டில் தொடங்குவோம்

குளிர் காலத்து ஸுபுஹையே எடுத்துக்கொள்வோம். தொழுகையை மாற்ற முடியாது. அதற்கான ஏற்பாட்டை மாற்றலாம். ஒளுவுக்கு வெந்நீர் வைப்பதில் குறையேதும் இல்லை. ஒளுவோடு அணிந்த தோல் காலுறை மீது, ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு மஸ்ஹு செய்யலாம். கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அறிந்து சிரித்தார்கள், கடிந்துகொள்ளவில்லை. அது வேறு வழியில்லாதவருக்குரிய சலுகை. அடுப்பும் விறகும் உள்ள நமக்கு அது சாக்காகாது.

மலைக் குளிரில் தேநீர் குடிப்பது ஆகுமான காரியம்; விட வேண்டியதில்லை. ஆனால் சோற்றோடு சேர்த்துக் குடித்தால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. இரத்தக் குறைவுள்ள பெண்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். பழக்கமும் நிற்கும், நலமும் கிட்டும். கோபம் வந்தால், நின்றவர் உட்காரட்டும். அப்படியும் தணியாவிட்டால் படுக்கட்டும். இது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. கோபப்படும் சுபாவம் போகாவிட்டாலும், ஓங்கிய கை இறங்கிவிடும்.

இன்றிரவு இஷாவுக்குப்பின் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். அவரவர் தத்தம் பழக்கங்களில் விட வேண்டிய ஒன்றைத் தாமே சொல்லட்டும். அடுத்தவரிடம் பொறுத்துக்கொள்ளப் போகும் ஒன்றையும் சொல்லட்டும். அடுத்தவர் விட வேண்டியதைப் பட்டியல் போட வேண்டாம்.

மாற்ற வேண்டியதை மாற்றும் உறுதியையும், அவன் அமைத்ததைப் பொருந்திக்கொள்ளும் மனதையும், இரண்டையும் பிரித்தறியும் தெளிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.