உடலுக்கு மனிதன் உரிமையாளனா? தர்மகர்த்தாவா?

மானிடப் பிறவியின் சிறப்பைப் பேசிய பெரியோர் யாவரும் உடலைப் பேணுதலையும் சேர்த்தே பேசியுள்ளனர். உயிர் தொழிற்படுவதற்கு உடல் என்னும் கருவி வேண்டும். ஆயினும் கிடைத்த உடலைக் கிடைத்தபடியே வைத்திருக்கும் வழக்கம் எக்காலத்திலும் மனிதனிடம் இருந்ததில்லை. குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். கையிலே பச்சை குத்துகிறார்கள். பார்வை மங்கினால் மூக்குக்கண்ணாடி, பல் விழுந்தால் கட்டுப்பல், கண்ணில் வெண்புரை படர்ந்தால் செயற்கை வில்லை எனப் பலவற்றை உடலோடு சேர்த்துக்கொள்கிறார்கள். இவற்றை எவரும் பாவம் என்று கூறுவதில்லை. ஆகவே உடலை மாற்றலாமா என்பது இன்று பெரிய வினா அன்று. யார் மாற்றலாம், எதற்காக மாற்றலாம், மாற்றியபின் வருவனவற்றுக்கு யார் பொறுப்பு என்பனவே இன்று எழும் வினாக்களாகும்.

இவ்வினாக்களை எழுப்பியிருப்பது மேலைநாடுகளில் வளர்ந்துவரும் ஒரு புதிய பழக்கம். நோய் எதுவும் இல்லாத சிலர், வைத்தியப் பட்டம் பெறாதவர்களின் கையினாலோ தமது சொந்தக் கையினாலோ தோலைக் கீறி, இலத்திரனியல் கருவிகளையும் காந்தங்களையும் உள்ளே வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். ஐம்புலன்களுக்கு மேலாக இன்னொரு புலனைப் பெறுவதும், திறப்பு இல்லாமலே கதவைத் திறப்பதும், உடலின் நிலையை உள்ளிருந்தே அளப்பதும் அவர்களின் நோக்கங்களாம்.

இதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கெவின் வோர்விக் எனலாம். 1998 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர் தமது இடது கையினுள் ஒரு சிறு கண்ணாடிக் குழாயைப் பொருத்திக்கொண்டார். அதனுள் இருந்த சில்லு தன் இலக்கத்தை வானொலி அலைமூலம் அறிவிக்க, அவர் வரும்போது கதவுகள் தாமே திறந்தன, விளக்குகள் எரிந்தன. 2002 இல் அதே கையின் நரம்பில் 100 நுண்ணிய மின்வாய்கள் கொண்ட கருவியைப் பொருத்தி, நியூயோர்க்கில் இருந்தவாறே இங்கிலாந்தில் இருந்த இயந்திரக் கையை இணையத்தின் வழியாக அசைத்துக் காட்டினார். இவை வைத்தியர்களின் கையால் நடந்தவை.

பின்வந்தவர்கள் அந்த எல்லையில் நிற்கவில்லை. விரல் நுனியில் சிறு காந்தத்தைப் புதைக்கும் வழக்கம் உருவானது. மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே கை செல்லும்போது காந்தம் மெல்ல அதிர, விரலின் நரம்பு அதனை உணர்கிறது. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைத் தொட்டறியும் அனுபவம் வியப்புக்குரியதுதான். ஆனால் 2005 இல் இவ்வாறு செய்துகொண்ட ஓர் அமெரிக்கப் பெண் பத்திரிகையாளருக்கு, காந்தத்தைச் சுற்றியிருந்த உறை பழுதடைந்தது. விரல் கறுத்தது. வைத்தியர் அதனை எடுக்க முயன்றபோது காந்தம் உள்ளேயே நொறுங்கியது.

2013 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த ரிம் கனன் என்பவர், உடல் வெப்பத்தை அளந்து கையடக்கத் தொலைபேசிக்கு அனுப்பும் கருவியொன்றைத் தமது முன்னங்கையில் புதைத்துக்கொண்டார். அது ஏறத்தாழ ஒரு சீட்டுக்கட்டின் பருமன் உடையது. ஜேர்மனியில் அதனைப் புதைத்தவர் வைத்தியர் அல்லர். ஆகையால் விறைப்பூசி போட அவருக்கு உரிமை இருக்கவில்லை. முழு நினைவோடும் முழு வலியோடும் அது நடந்தது. மின்கலம் பற்றிய அச்சத்தினால் சுமார் மூன்று மாதங்களில் கருவி அகற்றப்பட்டது.

இவர்களை வெறும் பித்தர்கள் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. அவர்களின் வாதம் வலிமையானது. என் உடல் என்னுடையது. அதில் நான் செய்வதை மறுக்க இன்னொருவருக்கு என்ன உரிமை உண்டு என்று கேட்கிறார்கள். ஒருவருடைய சம்மதமின்றி அவர் உடலில் கை வைக்கக்கூடாது என்னும் கொள்கை மனித குலம் பெருந்துயரின் பின் பெற்றுக்கொண்ட ஒன்றாகும். ஹிட்லர் காலத்து வைத்தியர்கள் சிறைமுகாம்களில் செய்த கொடிய பரிசோதனைகள் விசாரிக்கப்பட்ட பின், 1947 இல் வெளியான நியூரம்பேர்க் நெறிகள் சம்மதத்தையே முதல் நிபந்தனையாக வைத்தன. தன் உடலைத் தானே பரிசோதனைக்குக் கொடுப்பவன் பிறரைப் பலியிடவில்லை அல்லவா?

வரலாறும் அவர்களுக்கு ஒரு சாட்சியைத் தருகிறது. 1929 இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர், மேலதிகாரி தடுத்தும் கேளாது, தம் கை நாளத்தின் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தினார். அந்நிலையிலேயே நடந்து சென்று எக்ஸ்ரே படமும் எடுப்பித்தார். கண்டனமும் வேலையிழப்புமே அவருக்கு முதலில் கிடைத்தன. ஆனால் 1956 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று இதய நோயாளருக்குக் குழாய் செலுத்திச் செய்யும் பரிசோதனைகளுக்கு அந்த ஒரு நாளே தொடக்கம்.

எனினும் அக்கதையில் பலரும் கவனியாது விடும் ஒரு பகுதி உண்டு. கருவிகள் இருந்த அலுமாரியின் திறப்பு ஒரு தாதியிடம் இருந்தது. போர்ஸ்மன் அவரிலேயே பரிசோதனை செய்வதாக நம்பவைத்து, அவரை மேசையில் கட்டிவிட்டுத் தம் கையிலே குழாயைச் செலுத்தினார். தன்னுடலில் மட்டும் செய்ததாகக் கூறப்படும் அச்செயலுக்கும் இன்னொருவர் ஏமாற்றப்பட வேண்டியிருந்தது. குழாய் இதயத்தில் சிக்கியிருந்தால் அதன் பழியைச் சுமந்திருக்கக் கூடியவரும் அந்தத் தாதியே.

இங்கேதான் உரிமை என்னும் சொல்லின் எல்லை தெரிகிறது. உடல் தனியொருவருக்கு உரியது என்பது உண்மை. ஆனால் உடல் நோயுறும்போது அந்த நோய் தனியொருவருக்கு உரியதாக இருப்பதில்லை. விரல் அழுகினால் நள்ளிரவில் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்பவர் தந்தையோ துணைவியோ ஆவார். உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று அறியாமல் கீற வேண்டியவர் கடமையில் இருக்கும் வைத்தியர். காந்தம் புதைத்தவருக்குப் பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்பட்டால் அக்காந்தமே தடையாக நிற்கும். கீறும்போது ஒருவர்; ஆறும்போது பலர்.

ஓர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். தர்மகர்த்தா ஆலயத்தை ஆள்பவர். ஆனால் அதற்கு உரிமையாளர் அல்லர். திருப்பணி செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. பழுதடைந்ததை இடித்துக் கட்டலாம். இல்லாத மண்டபத்தைப் புதிதாக எழுப்பலாம். ஆனால் செய்வதை ஊரறியச் செய்யவேண்டும்; செய்தபின் கணக்குக் காட்டவேண்டும்; கட்டியதைப் பராமரிக்கவும் வேண்டும். உடலுக்கும் மனிதன் இத்தகைய தர்மகர்த்தாவே. மாற்றக்கூடாது என்பது அவனுக்குரிய விதியன்று. பொறுப்புச் சொல்லாமல் மாற்றக்கூடாது என்பதே விதி.

அப்படியாயின் வைத்தியப் பட்டமும் அரச அனுமதியும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கக் கம்பனியொன்று பார்வை இழந்தவர்களின் கண்ணில் பொருத்தும் ஆர்கஸ் 2 என்னும் கருவியை முறையான அனுமதியோடு உருவாக்கியது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் அதனைப் பெற்றுக்கொண்டனர். இருளில் இருந்தவர்களுக்கு மங்கலாகவேனும் வெளிச்சம் தெரிந்தது. 2019 இல் கம்பனி அதனை நிறுத்தியது. 2020 இல் நிதி நெருக்கடிக்குள் விழுந்தது. கண்ணுக்குள் கருவியோடு இருந்தவர்கள் திருத்துவாரின்றிக் கைவிடப்பட்டனர். அனுமதி இருந்தது, பொறுப்பு நிலைக்கவில்லை.

இதற்கு மாறான சம்பவமும் உண்டு. 1958 ஒக்ரோபர் மாதம் சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முறையாக இதயமுடுக்கி உடலினுள் பொருத்தப்பட்டது. அந்த முதற்கருவி சில மணிநேரமே இயங்கியது. வைத்தியர்களும் பொறியியலாளரும் அவரை விட்டுவிடவில்லை. பழுதுபடுந்தோறும் மாற்றினர். மொத்தம் 26 கருவிகளோடு அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியை உள்ளே வைப்பது ஒருநாள் வேலை. அதனோடு துணைநிற்பது வாழ்நாள் வேலை என்பதை அந்த 43 ஆண்டுகளும் காட்டுகின்றன.

பட்டம் இல்லாதவர்கள் இப்பொறுப்பை ஏற்க மாட்டார்கள் என்றும் கூறமுடியாது. அமெரிக்காவில் டானா லூயிஸ் என்னும் பெண், இன்சுலின் இன்றி வாழமுடியாத முதல்வகை நீரிழிவு உடையவர். இரவில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது கருவியின் எச்சரிக்கை ஒலி தம்மை எழுப்பாது போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. 2013 முதல் அவர் துணைவரோடும் நண்பரோடும் சேர்ந்து, உடலில் அணியும் இன்சுலின் பம்பியைக் கணினி தானே கட்டுப்படுத்தும் முறையை அமைத்தார். 2015 இல் அதன் விபரங்களை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். மருந்தின் அளவு மிகாதிருக்க எல்லைகள் வைக்கப்பட்டன. கணினி தவறினால் பம்பி தன் பழைய முறைக்கே திரும்பும்படி செய்யப்பட்டது. ஆபத்து இல்லை என்பதன்று; அனுமதி பெறாத இத்தகைய முறைகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகார சபை 2019 இல் எச்சரிக்கை விடுத்தது. ஆனால் இவ்வாறே நோயாளர்கள் உருவாக்கிய இன்னொரு முறையிலிருந்து வளர்ந்த மென்பொருளுக்கு அதே சபை 2023 இல் அனுமதி வழங்கியது. தேவை இருந்தது, செய்தது வெளிச்சத்தில் இருந்தது, பிழை நேர்ந்தால் என்ன என்பது முன்கூட்டியே சிந்திக்கப்பட்டிருந்தது.

இவை தூரதேசத்துக் கதைகள் போலத் தோன்றலாம். ஆனால் உடலினுள் அந்நியப் பொருளோடு வாழ்வது எத்தகையது என்பதை ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2009 இல் முடிவுற்ற யுத்தத்தின் செல் துண்டுகளை இன்றும் உடலில் சுமப்போர் உளர். அவர்கள் அவ்வுலோகத்தை விரும்பி ஏற்கவில்லை. கால் இழந்த பலருக்கு மீண்டும் நடை தந்தது ஜெய்ப்பூர் கால். 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் அதனை உருவாக்கியவர்களுள் ராம் சந்திர சர்மா என்பவர் வைத்தியர் அல்லர், கைவினைஞர். ஆனால் அவர் தனித்து நின்று செய்யவில்லை. வைத்தியர் பி.கே.சேத்தியின் பக்கத்தில் நின்று, நோயாளி நடப்பதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். அந்தக் காலும் தேயும், மீண்டும் பொருத்தப்பட வேண்டும். அதற்கென்று ஒருவர் இருப்பதாலேயே அது உதவியாகிறது.

இன்று சில்லுகளும் ஊசிகளும் பணம் கொடுத்தால் வீட்டு வாசலுக்கே வந்துசேர்கின்றன. புதுமையில் ஆசைகொள்ளும் இளையோரை அதட்டி அடக்குவதால் பயன் விளையாது. மறைவில் செய்வதற்கே அது வழிகோலும். அவர்கள் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்களைக் கற்றுக்கொடுத்தலே மேலானது. இது தேவையா, அல்லது பிறர் வியக்கவேண்டும் என்ற ஆசையா? தவறினால் மீண்டும் எடுக்க முடியுமா? பத்து ஆண்டுகளின் பின் இதனைப் பார்த்துக்கொள்பவர் யார்? அந்தச் சுமையைத் தாங்கவேண்டிய தாயிடமும் தந்தையிடமும் துணையிடமும் இதனைச் சொல்லியாயிற்றா?

கடைசி வினாவுக்கு விடை சொல்லத் தயங்கும் கை, கத்தியை எடுக்காதிருத்தலே நன்று. வலியைத் தாங்குவது துணிவு எனப்படலாம். ஆனால் வலி தாங்கும் வல்லமை ஒரு செயலை அறமாக்கி விடாது. செய்ததற்கு நின்று பதில் சொல்லும் மனமே அதனை அறமாக்கும். அந்த மனம் உள்ளவரிடத்தில் உடல் மாறினாலும் பழுதில்லை. அது இல்லாதவரிடத்தில் மாறாத உடலும் பாதுகாப்பாக இருப்பதில்லை.