செங்கோலும் மரபுரிமையும்

ஒரு தந்தை தம் மகனுக்கு எவற்றை விட்டுச் செல்லலாம் என்று எண்ணிப் பார்ப்போம். வீட்டை விட்டுச் செல்லலாம். நிலத்தையும் பொன்னையும் விட்டுச் செல்லலாம். கடனையுங்கூட விட்டுச் செல்லலாம். ஆனால், தாம் கற்ற கல்வியை விட்டுச் செல்ல இயலாது. அதனை மகன் தானே முயன்று பெறுதல் வேண்டும். ஊரார் தம்மிடம் வைத்த நம்பிக்கையையும் விட்டுச் செல்ல இயலாது. அதனை மகன் தன் நடத்தையால் மீண்டும் ஈட்டுதல் வேண்டும். அவ்வாறாயின், நாட்டை ஆளும் அதிகாரம் இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது? அது நிலத்தைப் போன்றதா, கல்வியைப் போன்றதா?

முடியாட்சி நிலவிய நாடுகளில் இவ்வினாவிற்கு விடை முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. மன்னன் மகன் மன்னன் ஆவான். தகுதியைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே எழும். குடியரசில் அவ்வாறு கூற இயலாது. எவரும் பிறப்பினாலேயே ஆளும் உரிமை பெற்றவர் அல்லர் என்பதே அதன் அடிப்படை. எனினும், குடியரசு ஒன்று தன் தலைமையைத் தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு மாற்றிக் கொடுத்ததை வரலாற்றில் காண்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆண்ட ரிச்சர்ட் கிராம்வெல்லின் வரலாறே அது. அதனை அறத்தின் கண்கொண்டு நோக்குவது நமக்குப் பயன்தரும் என்று கருதுகிறோம்.

1649 ஜனவரி 30ஆம் நாள் இங்கிலாந்து மக்கள் காணாத காட்சியைக் கண்டனர். முதலாம் சார்லஸ் மன்னர் பலர் அறிய விசாரிக்கப்பட்டு, தலை துணிக்கப்பட்டார். அதே ஆண்டில் முடியாட்சி நீக்கப்பட்டது. நாடு குடியரசு என அறிவிக்கப்பட்டது. அக்குடியரசின் வலிமை முழுவதும் படையில் இருந்தது. படையின் உயிராக ஆலிவர் கிராம்வெல் இருந்தார். 1653 டிசம்பரில் அவர் ‘காப்பாளர்’ என்னும் பெயருடன் ஆட்சித் தலைவரானார். அப்போது வகுக்கப்பட்ட ஆட்சி அமைப்பு, இப்பதவி தேர்தலால் வருவதேயன்றி மரபுரிமையால் வருவதன்று எனத் தெளிவாகக் கூறியது.

நான்கே ஆண்டுகளில் அத்தெளிவு மங்கியது. 1657இல் பாராளுமன்றத்தார் கிராம்வெல்லுக்கு மணிமுடியையே அளிக்க முன்வந்தனர். நெடுநாள் எண்ணிப் பார்த்து அவர் அதனை மறுத்தார். ஆனால், தமக்குப் பின் வருபவரைத் தாமே பெயர் குறிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டார். முடியை வேண்டா என்றவர் முடியின் வேரை மறுக்கவில்லை. வாயில் வழியே துரத்தப்பட்ட மரபுரிமை கொல்லைப்புற வழியே மீண்டும் வீட்டினுள் வந்தது.

இவ்வாறு நேர்ந்ததற்குக் காரணம் பேராசை மட்டுமே என்று நாம் சொல்லமாட்டோம். அச்சமும் அதற்குக் காரணம். தலைவர் இறந்தால் என்னாகும்? மீண்டும் உள்நாட்டுப் போர் மூளுமோ? மன்னர் மகன் கடல் கடந்து வந்துவிடுவானோ? இவ்வாறு அஞ்சிய மக்களுக்கு, யாரேனும் ஒருவர் பெயர் முன்னரே குறிக்கப்பட்டிருத்தல் ஆறுதலாக இருந்தது. தகுதியைத் தேடுவதற்குக் காலம் வேண்டும், துணிவும் வேண்டும். மகனைத் தேடுவதற்கு இரண்டும் வேண்டுவதில்லை. அவன் வீட்டிலேயே இருக்கின்றான்.

1658 செப்டம்பர் 3ஆம் நாள் ஆலிவர் இறந்தார். இறக்கும் தறுவாயில் அவர் ரிச்சர்டின் பெயரைக் கூறியதாக அருகிலிருந்தோர் தெரிவித்தனர். எழுத்தில் ஏதும் கிடைக்கவில்லை. எனினும், வாள் ஒன்றும் உருவப்படாமல் ரிச்சர்ட் காப்பாளரானார். ஊர்கள்தோறும் வாழ்த்து மடல்கள் வந்து குவிந்தன. நவம்பரில் தந்தைக்கு மன்னர்க்குரிய சிறப்புடன் ஈமச்சடங்கு நடைபெற்றது. வாழ்நாளில் முடியை மறுத்தவரின் உருவப் பாவைக்கு முடி சூட்டி வைத்திருந்தனர். குடியரசின் உள்ளம் எவ்வளவு குழம்பியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்போது ரிச்சர்டுக்கு வயது 31. முதல் மகனாகப் பிறந்தவர் அல்லர். மூத்த உடன்பிறந்தார் இளமையிலேயே மாண்டமையால் மூத்தவரானவர். மனைவியின் குடும்பத்திற்குரிய ஆம்ப்ஷயர் நாட்டுப்புறத்து ஹர்ஸ்லி என்னும் சிற்றூரில், வேட்டையிலும் நண்பர் கூட்டத்திலும் மகிழ்ந்து வாழ்ந்து வந்தவர். மகன் வரலாறு படிக்கவேண்டும், கணக்குப் பயிலவேண்டும், பொதுக் காரியங்களை அறியவேண்டும் என்று ஆலிவர் சம்பந்திக்கு எழுதியதுண்டு. ஆனால், அரசுப் பொறுப்பில் மகனை உண்மையாக ஈடுபடுத்தியது 1657இல்தான். தந்தையின் வாழ்வில் அப்போது எஞ்சியிருந்தது ஓராண்டுக்குச் சற்று மிகுதியான காலமே. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்பது வள்ளுவர் கண்ட நெறி. ஆலிவர் மகனை அவைக்குத் தலைவராக்கினார். அவையில் முந்தியிருக்கும் தகுதியைப் பெறுவதற்குக் காலம் தரவில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். அனுபவமின்மை ஒரு குற்றமா? தந்தையும் ஒரு காலத்தில் அனுபவமற்றவர்தாமே? உண்மைதான். 1642இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ஆலிவருக்கு வயது 43. அதற்கு முன் அவர் போர்க்களத்தைக் கண்டவர் அல்லர். ஆயினும், அவர் சிறு குதிரைப்படைக் குழு ஒன்றின் தலைவராகத் தொடங்கினார். மார்ஸ்டன்மூர், நேஸ்பி, டன்பார், வூஸ்டர் என்று களம் களமாகக் கற்றார். சிறு பிழை செய்தபோது சிறு கேடே விளைந்தது. அதனால் திருந்த வாய்ப்பும் கிடைத்தது. ஏணியின் முதற்படியில் தவறுபவன் எழுந்து மீண்டும் ஏறுகிறான். வாரிசோ ஏணியின் உச்சிப்படியில் கொண்டு வைக்கப்படுகிறான். அவன் தவறினால் அவனோடு நாடும் விழுகிறது. தந்தைக்கும் மகனுக்கும் இருந்த வேறுபாடு அறிவில் மட்டுமன்று. தொடங்கிய இடத்திலும் இருந்தது.

ரிச்சர்ட் பெற்ற உடைமை எத்தகையது என்பதையும் காண்போம். அரசுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பவுன் அளவுக்குக் கடன் இருந்தது. படைவீரர்களுக்குச் சம்பள பாக்கி பெருகியிருந்தது. அப்படையின் தலைவர்களோ, தம்முடன் நின்று குருதி சிந்தாத ஒருவரின் ஆணைக்குப் பணிய விரும்பவில்லை. அவர்களுள் முதன்மையானவர் இருவர். ஒருவர் பிளீட்வுட், ரிச்சர்டின் தமக்கை கணவர். மற்றவர் டெஸ்பரோ, ரிச்சர்டின் அத்தை கணவர். படையின் தலைமையைக் காப்பாளரிடமிருந்து பிரித்துப் பிளீட்வுட்டிடம் தரவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. உறவினர் என்பதால் பதவி பெற்றவருக்கு உறவினராலேயே இடர் வந்தது. தந்தையின் ஆணைக்கு அடங்கி நின்றவர்கள், மகனிடம் தம் பங்கைக் கேட்டு நின்றனர்.

1659 ஜனவரி 27ஆம் நாள் புதிய பாராளுமன்றம் கூடியது. அது ரிச்சர்டைக் காப்பாளராக ஏற்றது. ஆனால் படையினரின் குறை தீரவில்லை. ஏப்ரலில், காப்பாளரும் பாராளுமன்றமும் இசைந்தாலன்றிப் படைத் தலைவர்கள் அவையாகக் கூடலாகாது எனப் பாராளுமன்றம் முடிவு செய்தது. சினமுற்ற படைத் தலைவர்கள் வீரர்களைத் திரட்டிக்கொண்டு, பாராளுமன்றத்தைக் கலைத்துவிடுமாறு ரிச்சர்டை வற்புறுத்தினர். ஏப்ரல் 22ஆம் நாள் அவர் அதனைக் கலைத்தார். மே 25ஆம் நாள் பதவியையும் துறந்தார். தமது பெருமையைக் காக்க ஒரு துளிக் குருதியும் சிந்த விரும்பவில்லை என்று அவர் கூறியதாகச் சொல்வர்.

இனி நம் வினாவிற்கு வருவோம். ரிச்சர்ட் விட்டுக் கொடுத்தது கோழைமையா, அறமா?

அக்கால மக்கள் அவரை எள்ளி நகையாடினர். ‘கவிழ்ந்து விழுந்த டிக்’ என்று பட்டப்பெயர் சூட்டினர். பிற்காலத்தார் சிலர், அதிகாரத்தைக் குருதியின்றித் துறந்த நல்லவர் என்று போற்றுவர். நாம் இவ்விரண்டையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. அவர் விட்டுக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, தமது பதவி. மற்றொன்று, பாராளுமன்றம். பதவி அவருக்கு உரியது; அதனைக் காக்க இங்கிலாந்தின் இளைஞர்களைக் களத்தில் மாளவிடாமல் இறங்கி வந்தது அறமே. ஆட்சியின் பொருட்டு உலகம் சிந்திய குருதியை எண்ணுவோர் இதனைச் சிறிய செயல் என்று கருதார். ஆனால், பாராளுமன்றம் அவருக்கு உரியதன்று. அது மக்கள் தேர்ந்து அனுப்பியது. அவரை ஏற்றுத் துணை நின்றது. அதனைக் காக்க இயலவில்லையெனின், அதைக் கலைக்கும் ஆணையில் தம் பெயரை இடாமலேனும் அவர் பதவி விலகியிருக்கலாம். தம் பொருளைப் பிறருக்குக் கொடுப்பது ஈகை. தம்மிடம் அடைக்கலமாக வைத்த பொருளைக் கொடுப்பது ஈகையாகாது. ரிச்சர்ட் இந்த வேறுபாட்டை உணரவில்லை. அதனை உணர்வதற்கு அவருக்கு இல்லாது போன அனுபவமே வேண்டியிருந்தது.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். ஓராண்டு காலம் நாடு தலைமையின்றித் தடுமாறியது. 1660 மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறத் தாயகம் திரும்பினார். பதினொரு ஆண்டுக் குடியரசு முடிந்தது. அடுத்த ஆண்டு ஆலிவரின் உடல் தோண்டி எடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. அவர் தலை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கழியில் செருகப்பட்டது. ரிச்சர்டோ கடன்காரர்களுக்கும் புதிய அரசுக்கும் அஞ்சி, 1660இலேயே மனைவி மக்களைப் பிரிந்து அயல்நாடு சென்றார். வேற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். மனைவியை மீண்டும் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து, அமைதியாக வாழ்ந்து, 1712இல் தம் 85ஆம் வயதில் இறந்தார். ஹர்ஸ்லி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தந்தையின் தலை அமைதியான ஓரிடத்தில் புதைக்கப்பட்டது 1960இல்தான்.

இவ்வரலாற்றில் யார்மேல் குற்றம் சுமத்துவது? தகுதியற்ற மகன் எனக் கூறி முடித்துவிடுதல் எளிது, நேர்மையன்று. தகுதியைப் பெறக் காலம் தராத தந்தைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தேடும் துன்பத்திற்கு அஞ்சி, வாரிசு ஒருவர் இருக்கின்றார் என்று மனநிறைவு கொண்ட அறிஞர்களுக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவருடைய ஆற்றலையே தூணாக நட்டு அதன்மேல் அரசு முழுவதையும் கட்டிய முறைக்கே முதற்குற்றம் உரியது. அத்தூண் சாய்ந்தபின் எந்த மகனைக் கொண்டு முட்டுக் கொடுத்தாலும் கூரை நில்லாது.

பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. அலுவலகத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் ஓய்வு பெறும் நாளில், தம் நாற்காலியை மகனிடம் தந்துவிட்டு வர இயலாது. அது தந்தைக்குச் சிறிது வருத்தம் தருவதாக இருக்கலாம். மகனுக்கோ அது பெரிய நன்மை. அவன் தன் முதற்படியில் தானே கால் வைக்கின்றான். வழுவினாலும் தானே எழுகின்றான். ஏறிய உயரம் அவனுடையதாக இருக்கின்றது.

பதவியை ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கலாம். அப்பதவிக்குரிய மதிப்பை அளிக்க இயலாது. ஆதலின், அதிகாரம் நிலத்தைப் போன்றதன்று, கல்வியைப் போன்றது என்பதே நாம் கண்ட விடை. ஆலிவர் தம் மகனுக்கு ஒரு நாட்டை விட்டுச் சென்றார். அதற்கு மாறாக, அந்நாட்டுக்கு நல்ல தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறையை விட்டுச் சென்றிருந்தால், நாடும் பிழைத்திருக்கும். மகனும் ஹர்ஸ்லியில் மனைவி மக்களோடு வாழ்ந்திருப்பார்.