திகதிப்படி சங்கீதம்

1ஆம் திகதி

வேதாகமத்தின் நூற்றைம்பது சங்கீதங்களையும் ஒரு மாதத்தில் வாசித்து முடிக்க ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. 1549இல் இங்கிலாந்தில் வெளிவந்த முதற் புத்தகத்திலேயே அது இருந்தது. முப்பது நாள், நாளுக்கு இரண்டு வேளை. முதல் நாள் காலை 1 முதல் 5 வரை, மாலை 6 முதல் 8 வரை. இப்படியே போய் முப்பதாம் நாள் மாலை 150இல் முடியும். 1818இல் ஜோசப் நைட் யாழ்ப்பாணத்து நல்லூரில் சர்ச் மிஷனரி சங்கத்தின் பணியைத் தொடங்கியபோது ஜெபப்புத்தகமும் கூடவே வந்தது. முத்திரைச் சந்திக்குப் பக்கத்தில், யமுனா ஏரியை அண்டி நிற்கும் புனித யாக்கோபு ஆலயம் அந்த மரபில் வந்ததுதான்.

இந்த ஒழுங்கில் வாசிக்கிறவரின் மனநிலைக்கு இடமே இல்லை. துக்கத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று நாம் தேடி எடுப்பதில்லை. திகதி எதைத் தருகிறதோ அதுதான். நல்லூரில் இருக்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. கந்தசுவாமி கோயில் மணி யாருக்காகவும் பிந்துவதில்லை. பூசைக்கு நாங்கள்தான் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

12ஆம் திகதி, மாலை

65ஆம் சங்கீதம். மழை இறங்கி உழுத சால்களை நனைப்பதையும், மேய்ச்சல் நிலங்கள் செழிப்பதையும் பாடும் நன்றிப்பாட்டு.

இது மார்கழி 12இல் வந்தால் எங்களுக்கு ஒத்துப்போகும். ஆடி 12இலும் இதுவேதான் வருகிறது. சோழகக் காற்று புழுதியை வாரி அடிக்கிற மாதம். கிணற்றுக்குள் வாளியை விட்டால் அடிக்கல்லில் முட்டுகிற சத்தம் கேட்கும். மேலே வருவது அரை வாளி, அதிலும் கொஞ்சம் உவர்ப்பு. வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. வருடம் முழுவதும் நாங்கள் குடிப்பது அதைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே வந்துவிடும்.

ஆகவே ஆடியில் மழைக்கு நன்றி சொல்வது அவ்வளவு பொருந்தாத காரியமும் இல்லை. அரை வாளியில் இருப்பது போன மார்கழியின் மழை. நன்றி கொஞ்சம் பிந்திச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான்.

17ஆம் திகதி, காலை

86, 87, 88. இந்த மூன்றாவதுதான் கடினம். மற்ற முறைப்பாட்டுச் சங்கீதங்கள் அனேகமாக எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பும். 88 திரும்புவதில்லை. கூப்பிட்டும் பதில் இல்லை, தெரிந்தவர்கள் விலகிப்போனார்கள், இருட்டு என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. மாலைக்கு வைத்திருக்கலாம். ஒழுங்கோ அதைக் காலையில், தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் வைத்திருக்கிறது.

நல்ல மனநிலையில் எழும்பிய காலையில் இதை ஏன் சொல்ல வேண்டும்? இன்று இதைச் சொல்ல வேண்டியவர் வேறொருவர் என்பதால். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர்போராட்டத்தில் இறங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்து இருந்தே கண்மூடிய தாய்மாரும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஆறுதல் வசனம் தேடிக் கொடுக்க எனக்குத் தகுதியில்லை. ஏன் பதில் இல்லை என்று அவர்கள் கேட்கும் கேள்வியை மாதத்தில் ஒரு காலையாவது என் வாயாலும் கேட்கலாம். அந்தக் கேள்வியை வேதாகமம் வெட்டி எறியாமல் வைத்திருக்கிறது.

28ஆம் திகதி, மாலை

137. பாபிலோனின் ஆற்றங்கரையில் சிறைப்பட்டவர்களின் பாட்டு. இடம்பெயர்ந்தவர்களுக்கென்று ஒரு சங்கீதம் சொல்லச் சொன்னால் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் பலரும் இதைத்தான் சொல்வார்கள். அதன் முடிவில் பழிவாங்கும் வெறி இருக்கிறது. பல ஆலயங்களில் அந்த வரிகளை விட்டுவிடுவார்கள். விடாமல் வாசிப்பதே நேர்மை என்று எனக்குப் படுகிறது. அந்த வெறி எங்களிடமும் இருந்தது. அதைக் கடவுளிடம் சொல்லிவிட்டால் ஆயுதத்திடம் சொல்லத் தேவையில்லாமல் போகலாம்.

30ஆம் திகதி, மாலை

147 முதல் 150 வரை. நான்கும் அல்லேலூயாவில் தொடங்கி அல்லேலூயாவில் முடிபவை.

போர் நடந்த 1995இல், ஒக்ரோபர் 30 மாலைதான் குடாநாட்டின் வலிகாமப் பகுதியை விட்டு உடனே வெளிக்கிடும்படி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மழை. லட்சக்கணக்கான சனம் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சைக்கிள் கரியரில் கிழவர்கள், கையில் குழந்தைகள். ஒழுங்கின்படி சிறையிருப்பின் பாட்டு இரண்டு நாளைக்கு முன்னமே, பலர் இன்னும் வீட்டில் இருந்தபோதே, வந்து போய்விட்டது. வீதியில் நின்ற அந்த இரவுக்கு விழுந்தது 147: சிதறியவர்களைக் கூட்டிச் சேர்க்கிறவர், நொறுங்கியவர்களின் காயத்தைக் கட்டுகிறவர், காகக் குஞ்சுக்கும் இரை கொடுக்கிறவர். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் பாடியது அது என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள்.

31 நாள் உள்ள மாதங்களில், கடைசி நாளில் முப்பதாம் நாளின் சங்கீதங்களையே திரும்ப வாசிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒக்ரோபர் 31க்கும், பாலத்தை இன்னும் தாண்டாதவர்களுக்கும், அதே நான்கு அல்லேலூயாதான்.

இதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996 ஏப்ரல், மே மாதங்களில் பலர் திரும்பினார்கள். வன்னிக்குப் போன பலர் திரும்பவேயில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. அன்றிரவு அந்தத் துதியைப் பாட அந்த வீதியில் நின்ற ஒருவருக்கும் தெம்பு இருந்திராது. வேறெங்கோ, எங்களைப் பற்றி ஒன்றும் அறியாத யாரோ ஒருவர், திகதியைப் பார்த்து அதை வாசித்திருப்பார். நான் 17ஆம் திகதி காலையில் இன்னொருவருடைய இருட்டை வாசிப்பதும் அந்தக் கடனை அடைப்பதில் ஒரு பகுதிதான்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் மாதம் பிறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று என்ன திகதி என்று பார்த்து, அங்கேயே தொடங்கலாம்.