நாம நினைக்கிறது அவங்களையா, நம்மளையா?

 

எனக்கு ஊர் ஆரணி பக்கம் திருமலை. குந்தவை ஜினாலயம் இருக்கிற அதே ஊர். மலையில் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் சிலை இருக்கு, ஏறக்குறைய 16 மீட்டர் உயரம். என் நண்பன் கடைசியா என்னை எடுத்த போட்டோ அந்தச் சிலை முன்னாடிதான். சிலை முழுசா வரணும்னு தரையில் மல்லாந்து படுத்து எடுத்தான். படத்தில் நேமிநாதர் இருக்கார், நான் இருக்கேன். அவன் இல்லை.

போன வருஷம் ஒரு ராத்திரி 11 மணிக்கு "நாளைக்குப் பேசலாம் மச்சான்" என்று மெசேஜ் போட்டான். காலையில் எழுந்திருக்கவே இல்லை. 27 வயசு.

ஆரணியில் அவன் வீட்டுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். அன்றைக்கு அது நின்றிருந்தது. அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அவன் தனியா நல்லா இருக்கிற மாதிரி ஒரு போட்டோ உன்கிட்ட இருக்குமாப்பா? மாலை போடணும்." என் போனில் அவனோட சுத்தின இடங்களின் போட்டோ ஆயிரத்துக்கு மேல இருக்கும். அவன் தனியா இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எப்பவும் கேமரா பிடிச்சது அவன்தானே.

கடைசியில் காலேஜ் குரூப் போட்டோ ஒன்றிலிருந்து ஸ்டுடியோக்காரர் அவனை மட்டும் வெட்டி எடுத்தார். அவன் தோளில் என் கை இருந்தது. அதையும் அழித்துவிட்டு, பின்னாடி நீலக் கலர் போட்டு ஃபிரேம் பண்ணிக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம், "என் கையை எடுத்துட்டாங்களே." அவன் போனதைவிட என் கை போனது ஒரு நொடி பெரிசா வலிச்சது. அசிங்கமா இருந்தது எனக்கு.

யோசிச்சுப் பாருங்க, ஒரு குரூப் போட்டோ வந்தால் நாம முதலில் தேடுவது நம்ம முகத்தைத்தான். அவன் இறந்த அன்றைக்கு நான் வைத்த ஸ்டேட்டஸிலும் அப்படித்தான். இருந்த சில செல்ஃபிகளில், நான் நல்லா இருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவன் அதில் பாதி கண்ணை மூடியிருந்தான்.

அப்போதான் எப்பவோ படித்த ராமானுஜன் கதை ஞாபகம் வந்தது. கணித மேதை ராமானுஜன் 1919-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தார். 32 வயசு. அப்போது ஆக்ஸ்போர்டில் இருந்த ஹார்டிக்கு அது பெரிய அதிர்ச்சி. உடம்பு தேறி வருகிறது என்றுதான் அவர் நம்பியிருந்தார். 16 வருஷம் கழித்து, ராமானுஜன் பற்றிய புத்தகத்துக்காக ஒரு நல்ல படம் வேண்டும் என்று, 1936-ல் இந்தியா வந்த விஞ்ஞானி சந்திரசேகரிடம் கேட்டுக்கொண்டார். சந்திரசேகர் தேடி அலைந்து, திருவல்லிக்கேணியில் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைக் கண்டுபிடித்தார். அவரிடம் இருந்தது ஒரு பழைய பாஸ்போர்ட், அதில் ஒட்டியிருந்த சின்னப் படம். இன்றைக்கு நாம எல்லாரும் பார்க்கிற ராமானுஜன் முகம் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது படம் இல்லை, ஹார்டி திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு நினைவு. ஆஸ்பத்திரியில் ராமானுஜனைப் பார்க்கப் போனபோது, வந்த டாக்ஸியின் நம்பர் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் படுத்திருந்தவர். 1-ம் 12-ம், 9-ம் 10-ம். இந்தக் கதையில் ஹார்டியும் இருக்கிறார், ஆனால் தோற்றுப்போன ஆளாக. அவ்வளவு பெரிய பேராசிரியர், தான் திருத்தப்பட்ட நிமிஷத்தைத்தான் நண்பனின் அடையாளமா வைத்துக்கொண்டார்.

நட்பு என்றால் ரெண்டு பேர், என்னை நீக்கிட்டு அவனை மட்டும் எப்படி நினைக்கிறது என்று நானும் என்னிடம் வாதாடிப் பார்த்தேன். வாதம் சரிதான். நான் அந்த நினைவில் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் எங்கே நிற்கிறேன்? நடுவிலா, ஓரத்திலா? போன் தானாக "இந்த நாளின் நினைவுகள்" என்று பாட்டோடு காட்டுகிற படங்களில் நான்தான் நடுவில். அவன் என்னை மறுத்துப் பேசின, கிண்டல் பண்ணின, திட்டின ஒரு நிமிஷம்கூட அதில் கிடையாது. அவன் குரல் அங்கேதான் இருக்கு.

அதனால் போனில் ஒரு நோட் ஆரம்பிச்சிருக்கேன். அவன் என்னைத் திருத்தின இடங்கள் மட்டும். இதுவரை நாலு வந்திருக்கு. முதலாவது, ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் 365 படி ஏறும்போது. பாதியில் உட்கார்ந்து, "ரோட்டு வழியா வண்டியிலேயே வந்திருக்கலாம்டா" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ கீழ இறங்கி வண்டியிலேயே வாடா. நான் மேல வெயிட் பண்றேன்."